ஊதியம் காணாக் குரல்

ஏட்டில் எழுதிய பாட்டு எழுதினோன் மறைந்த பின்னும் வாழும். ஆனால் பாடுவோன் குரல் காற்றோடு கலந்து அழிந்துபோவது. அதனைப் பிடித்து வைக்கவல்ல கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்ததில்லை எனலாம். இசைத்தட்டு தோன்றியபோது குரலும் பண்டமாயிற்று. பண்டமாயின் அதற்கு விலையுண்டு. விலையுண்டாயின் அவ்விலை யாருக்குரியது என்னும் வினாவும் உண்டு. இவ்வினாவை எழுப்பி, முதுமையை நெருங்கும் வயதில் விடையும் பெற்றவர் ரூத் பிறவுண் என்னும் அமெரிக்கப் பாடகியார்.

அவர் பாடிய இசைவகை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ எனப்படும். தாளக்கட்டும் துயர்ப்பாட்டும் என்று ஒருவாறு பெயர்க்கலாமேனும், அச்சொற்றொடரின் சுவை பெயர்ப்பில் நில்லாது. அதன் வரலாறு வேறொரு வகையிற் கவனத்திற்குரியது. கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை அமெரிக்க வணிகர் நெடுங்காலம் ‘இனத் தட்டுகள்’ என்றே பட்டியலிட்டு வந்தனர். 1949ஆம் ஆண்டு ‘பில்போர்ட்’ என்னும் வணிக இதழில் பணியாற்றிய ஜெறி வெக்ஸ்லர் என்பார் ஆக்கிய புதுப்பெயரே இது. பெயர் மாறிற்று, ஒதுக்கி வைத்தல் உடனே மாறவில்லை.

ரூத் அம்மையார் 1928ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் வேர்ஜீனியா மாநிலத்துப் போர்ட்ஸ்மத் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் துறைமுகத் தொழிலாளி. தேவாலயப் பாடகர் குழுவையும் நடத்தியவர். தேவாலயத்திற்கு வெளியே பாடப்படும் பாட்டெல்லாம் சாத்தானின் பாட்டு என்பது அவர் துணிபு. மகளுக்கோ அந்தப் பாட்டின்மேலேயே நாட்டம். 1945இல் ஜிம்மி பிறவுண் என்னும் எக்காளக் கலைஞரோடு வீட்டை விட்டு வெளியேறினார். அத்திருமணம் நிலைக்கவில்லை, அவர் பெயர் மட்டும் நிலைத்தது.

வாஷிங்ரன் நகரில் இசைக்குழுவொன்றிலிருந்து விலக்கப்பட்டுக் கையிற் காசின்றி நின்றவரைத் தாங்கியவர் பிளான்ச் கலோவே என்னும் பெண்மணி. தாமே இசைக்குழுத் தலைவியாய் விளங்கிய அவர், பாட மேடை தந்து, பின் இவருக்கு முகவராகவும் ஆயினார். அங்கே இவர் பாடக்கேட்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அற்லாண்ரிக் என்னும் புதிய இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் இவர் பெயரை எடுத்துரைத்தார். துருக்கித் தூதுவரின் மைந்தரான அஹ்மெட் எர்ட்டெகன், ஹேர்ப் ஏபிராம்சன் என்னும் நண்பரோடு 1947இல் தொடங்கிய நிறுவனம் அது.

ஒப்பந்தத்திற்கெனவும் அப்பொல்லோ அரங்கிற் பாடவெனவும் 1948இல் நியூயோர்க் நோக்கிச் செல்லும் வழியில் கார் விபத்து நேர்ந்தது. கால்கள் இரண்டும் நொறுங்கின. மாதக்கணக்கில் மருத்துவமனையிற் கிடந்தவர் அங்கேயே ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். இசைக்குறியீடு பார்த்துப் பாடும் முறையைக் கற்பிக்கும் நூலொன்றை எர்ட்டெகன் கொணர்ந்து கொடுத்தார் என்பர். நோய்ப்படுக்கையைப் பள்ளியாக்கிய அச்செயல் போற்றற்குரியதே. பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூறுமிடத்தும் இதனை மறைத்தல் நேர்மையன்று.

1949இல் ஊன்றுகோல் துணையோடு நின்று ‘சோ லோங்’ என்னும் பாட்டைப் பதிவு செய்தார். அது மெல்லிய காதற்பாட்டு. மறு ஆண்டு வெளிவந்த ‘ரியர்ட்ரொப்ஸ் புறம் மை ஐஸ்’ விரைந்த நடையினது. பதினொரு வாரம் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. 1953இல் வந்த ‘மாமா, ஹீ றீற்ஸ் யுவர் டோட்டர் மீன்’ கொடுமை செய்யும் கணவனைப் பற்றித் தாயிடம் முறையிடும் பாட்டு. உச்சத்திற் குரல் ஏறும்போது சொல்லின் கடைசியில் அக்குரல் சட்டென உடைந்து ஒரு கீச்சொலியாய்த் தெறிக்கும். இசையிலக்கணங் கற்றோர் அதனைப் பிசிறு என்பர். என் செவிக்கு அப்பிசிறிலேதான் அப்பாட்டின் உயிர் இருக்கிறது. தேம்பும் பெண் சுருதி பார்த்தா தேம்புவாள்?

நியூயோர்க்கின் புகழ்பெற்ற பந்தாட்ட அரங்கை, பேப் றூத் என்னும் ஆட்ட வீரரால் எழுந்தமைபற்றி ‘றூத் கட்டிய வீடு’ என்பர். அப்பெயரையே அற்லாண்ரிக் நிறுவனத்திற்கு ஏற்றி, இந்த ரூத் கட்டிய வீடு அது என்றனர் இரசிகர். ஆயினும் தென்மாநிலங்களிற் பாடச் சென்றபோது, வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரித்து மண்டபத்தின் நடுவே கயிறு கட்டப்பட்டிருந்தது. இவர் 1954இற் பாடிய ‘ஓ வட் எ ட்றீம்’ என்னும் பாட்டை வெள்ளையினப் பாடகி பற்றி பேஜ் உடனே பாடி வெளியிட, பெரும்பான்மை வானொலிகளின் வாசல் அதற்கே திறந்தது.

1961இல் நிறுவனத்தை விட்டு நீங்கினார். அதன்பின் லோங் ஐலண்டில் மக்களை வளர்க்கும் பொருட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பிறர் வீட்டிற் பணிப்பெண்ணாயும் உழைத்தார். அவர்தம் பழைய தட்டுகளோ கடைகளில் விற்றுக்கொண்டேயிருந்தன.

விற்ற தட்டின் பங்கு எங்கே போயிற்று? பாடகருக்கு விற்பனையில் நூற்றுக்கு இத்தனை என உரிமைப்பங்கு உண்டு. ஆனால் ஒலிப்பதிவுச் செலவும் முன்பணமும் பாடகர் கணக்கிற் கடனாக எழுதப்படும். பங்கு முழுவதும் அக்கடனுக்கே கழிக்கப்படும். கணக்கேடோ நிறுவனத்தின் கையில். இவ்வாறாக, நிறுவனத்தை வளர்த்த பாடகியார் ஏட்டின்படி நிறுவனத்திற்கே கடனாளியாய் நின்றார். நிறுவனத்தாருள் ஒருவரைத் தீயவரென்று சுட்டுவது எளிது; அக்காலத்து இசைத்தட்டு வணிகம் முழுவதும் இக்கணக்கிலேயே நடந்தது என்பதே மெய். அதனாற் குற்றம் பெரிதாகுமன்றிச் சிறிதாகாது.

1980களில் ஹவல் பெகிள் என்னும் வழக்கறிஞர், இவர் பாட்டில் இளமை முதலே ஈடுபாடுடையவர், ஊதியம் பெறாமலே இவ்வழக்கை எடுத்தார். ஆண்டுகள் சில கடந்தன. 1988இல் அற்லாண்ரிக் தன் நாற்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய காலத்தில் உடன்பாடு பிறந்தது. பழங்கடன்கள் தள்ளப்பட்டன, 1970 முதலான உரிமைப்பங்கு கணக்கிடப்பட்டது. அம்மையார் கைக்கு வந்தது ஏறத்தாழ 20,000 டொலர். அத்தனை பாட்டிற்கு இது சிறுதொகையே. ஆனால் உடன்பாடு அவரோடு நில்லாமல் அந்நிறுவனத்திற்குப் பாடிய ஏனைய பழைய கலைஞர் பலருக்கும் விரிந்தது. வறுமையும் நோயும் உற்ற முதிய பாடகருக்கு உதவும் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ அறநிலையம் அமைவதற்கு நிறுவனம் ஏறக்குறைய இருபது இலட்சம் டொலர் வழங்கிற்று.

புகழும் இரண்டாம் முறை வந்தது. 1988இல் ‘ஹெயார்ஸ்பிறே’ திரைப்படத்தில் நடித்தார். 1989இல் ‘பிளாக் அண்ட் புளூ’ என்னும் புறோட்வே மேடை நிகழ்ச்சிக்காக ரோனி விருதும், மறு ஆண்டு கிறமி விருதும் பெற்றார். 2006ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், நெவாடா மாநிலத்திற் காலமானார். மருத்துவமனைப் படுக்கைக்குப் பாடநூல் கொணர்ந்த எர்ட்டெகன் ஒரு திங்களுக்குள், டிசம்பர் 14ஆம் நாள், மறைந்தார்.