மரத்தில் கலந்த கடல்

சமுத்திரத்தில் வளர்ந்த மீன் கானகத்து விருட்சத்திற்கு உரமாவது சாத்தியமா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலில் ஆண்டுக்கணக்கில் உண்டு கொழுத்த சால்மன் மீன்கள், முட்டையிடுவதற்காகத் தாம் பிறந்த நதியையே நாடி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி வந்து, அக்கடமை முடிந்ததும் அங்கேயே பிராணனை விடுகின்றன. அவற்றைக் கவ்விக்கொண்டு வனத்துள் நுழையும் கரடிகள், மீன் மலிந்த காலத்தில் முட்டையையும் மூளையையும் மட்டும் புசித்துவிட்டு எஞ்சியதை மரத்தடியில் போட்டுச் செல்ல, புழுவும் மழையும் அதனை மண்ணோடு மண்ணாக்க, அதிலுள்ள நைட்ரஜன் சத்தை வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. எத்துணை அற்புதமான ஏற்பாடு! கடல்வாழ் உயிர்களில் மிகுதியாகக் காணப்படும், சற்றுக் கனமான நைட்ரஜன் வகை அம்மரங்களின் இலைகளிலும் இருப்பதை விஞ்ஞானிகள் அளந்தே கண்டிருக்கிறார்கள். அலாஸ்காவில், சால்மன் வரும் ஓடைக்கரையில் நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள், சால்மன் வராத இடத்து மரங்களைக் காட்டிலும் விரைந்து பருக்கின்றனவாம்.