பளுதூக்கிகளும் அவற்றின் பராமரிப்பும்

பெங்களூரு ஈஜிபுரா வழியே செல்வோர் அங்கு எழும் மேம்பாலத்தை நன்கறிவர். ஈஜிபுராவையும் கோரமங்கலாவின் கேந்திரீய சதனத்தையும் இணைக்கும், ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலத்தின் பணி 2017-இல் தொடங்கியது. 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023-இல் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னரே வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கிரேன் மேலே தூக்கும்போது நம் கண்கள் கான்கிரீட்டையே பின்தொடர்கின்றன. அதைத் தாங்கும் எஃகுக் கம்பிவடத்தை நோக்குவோர் அரியர்.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் சிறு பட்டறை நடத்துவோரிடமும் இதே பொறியின் சிறிய வடிவம் உள்ளது. கூரை உத்தரத்தில் ஓடும் ஹாய்ஸ்ட் தூக்குவது 2 டன்னாக இருப்பினும், கம்பிவடம், கொக்கி, பிரேக் ஆகியவற்றின் வேலை ஒன்றே.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், தூக்குபொறிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என வகுத்தது. பாதுகாப்பாகத் தூக்கத்தக்க எடையைப் பொறியின்மேல் தெளிவாக எழுத வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எனினும் சோதனை நிகழ்வது ஒரு நாளில். தேய்மானமோ வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் நிகழ்கிறது. ஆண்டுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு நிம்மதி கொள்வது போதாது என்பதே நம் கருத்து.

முதலில் கம்பிவடம். பல இழைகள் முறுக்கி அமைந்த இதன் கேடு பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்கும். உள்ளீட்டில் ஊறிய எண்ணெய்ப்பசை வற்றினால் இழைகள் ஒன்றோடொன்று உராயும். ஈரம் புகுந்து துருவேறும். வெளியே பளபளப்பு குறையாமலிருக்கலாம். ஆகவே புதிய வடத்தின் விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதி வைத்தல் நலம். பின்னர் அது மெலிவதை எண்ணே காட்டிக்கொடுக்கும். அறுந்த இழைகளை அறிய, பொறியை நிறுத்திவிட்டுப் பஞ்சுக் கழிவால் தடவிப் பார்ப்பர். நூல் சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும். வெறுங்கையால் தடவலாகாது. கூண்டுபோல் புடைத்த வடத்தையும், மடங்கி முறுக்கு விழுந்த வடத்தையும் நேராக்கிப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

கொக்கியின் வாய் அகன்றிருந்தால் அது அளவுக்கு மீறிய பாரம் சுமந்துள்ளது. அதற்கு வெல்டிங் வைத்து உயிர் கொடுக்க முயல்வது ஆபத்து. பிரேக்கைச் சோதிக்க, பாரத்தைத் தரையிலிருந்து சிறிதளவே தூக்கி நிறுத்தினால் போதும்; மெல்ல இறங்குமாயின் வேலையை அங்கேயே நிறுத்துக. கொக்கி எல்லை மீறி மேலேறாமல் தடுக்கும் லிமிட் சுவிட்சை ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் பாரமின்றி இயக்கிப் பார்க்கலாம்.

பழுதுக்குப் பெருங்காரணம் பழக்கமே. மூலையில் கிடக்கும் இரும்பைப் பக்கவாட்டில் இழுக்க ஹாய்ஸ்டைப் பயன்படுத்தாத பட்டறை எத்தனை? செங்குத்தாகத் தூக்கவே அமைந்த பொறியில் வடம் சாய்ந்தால், உருளையின் வரிப்பள்ளத்தை விட்டு விலகி நசுங்கும்.

நெடுநாள் ஓய்ந்திருந்த கிரேனுக்கும் முழுச் சோதனை தேவை. கிரீஸ் இறுகும், பிரேக்கில் துருப் பிடிக்கும்.

கடனில் பொறி வாங்கிய வாடிக்கையாளர் ஒன்றை அறிய வேண்டும். இயந்திரப் பழுதுக் காப்பீடு பொதுவாகத் தேய்மானத்தால் நேரும் இழப்பை ஏற்பதில்லை. அச்செலவு உரிமையாளரையே சாரும், மாதத் தவணையும் நில்லாது. வடம் மாற்றிய நாள், அளந்த விட்டம், சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, காப்பீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வைத்திருங்கள்.