கவுச்சி ஒட்டாத விரால்

மீன் பிடிக்காது என்பவர்களுள் பெரும்பாலோர் வெறுப்பது அதன் வாடையையும் முள்ளையும்தான். சோழவந்தானில் அத்தகைய விருந்தினருக்குச் சமைப்பவர் விராலிலிருந்து தொடங்குவது நல்லது.

கடல்மீனின் தசையில் உப்புநீரைத் தாங்குவதற்கான ஒரு சேர்மம் உண்டு. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால் கவுச்சி எழுகிறது. வைகைப் பாசனக் கண்மாய்களின் நன்னீர் மீன்களில் அச்சேர்மம் மிகக் குறைவு. அவற்றின் குறை சேற்று வாடை. நீலப்பச்சைப் பாசியும் மண் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் மீனின் கொழுப்பில் தங்குவதால் அது வருகிறது. விராலில் கொழுப்பு குறைவு. கட்லா, ரோகு போலத் தசைக்குள் கவைமுள்ளும் இல்லை. காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆதலால் சந்தைக்கு உயிரோடே வருகிறது. இதைவிடப் பெரிய நற்சான்று வேறு வேண்டியதில்லை. விரால் கிடைக்காத நாளில் கடல்மீன்களில் கிழங்கான் வாங்கலாம். மத்தியும் அயிலையும் வேண்டாம், அவை எண்ணெய்ப்பசை மிக்கவை.

முக்கால் கிலோ எடையுள்ள, துள்ளும் விராலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அகன்ற தொட்டியில் தெளிந்த நீரூற்றி ஒன்றிரண்டு நாள் இரையின்றி விட்டால் குடல் காலியாகும். சேற்று வாடையும் தணியத் தொடங்கும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். விரால் தாவிக் குதிக்கும். தொட்டியின் மேல் கம்பிவலை போட்டுக் கல் வைப்பது அவசியம்.

தலையில் கட்டையால் ஓங்கி ஒருமுறை அடித்துக் கொன்றதும் உடலெங்கும் அடுப்புச் சாம்பலைத் தேய்க்க வேண்டும். சாம்பல் வழுவழுப்பை உறிஞ்சுவதால் கைக்குப் பிடி கிடைக்கிறது. தோலை உரிக்கும்போது வழுவழுப்பு சதையில் படுவதுமில்லை. சாம்பலைக் கழுவிவிட்டு, கழுத்தைச் சுற்றிக் கீறி, தோலை வாலை நோக்கி ஒரே இழுப்பில் உரிக்கலாம். பிறகு அரிவாள்மனையில் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, தண்டெலும்பை ஒட்டிய இரத்தக் கோட்டை விரல்நகத்தால் சுரண்டிவிட வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. வாடையில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தண்டெலும்பின் இருபுறமும் சதையைப் பிரித்து இரு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிக் கல்லுப்பில் பிசறி 5 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். அடுத்து, புளித்த மோரில் 15 நிமிடம். எஞ்சிய கவுச்சிப் பொருளை ஆவியாகவிடாமல் புளிப்பு கட்டிவிடுகிறது. மீண்டும் கழுவித் துணியால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மீன் பொரியாமல் வேகும்.

அரைக் கிலோ சதைக்கு மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சைச் சாறு, தேவையான உப்பு. பிசறி 20 நிமிடம் ஊறியதும் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவ வேண்டும். கனத்த தோசைக்கல்லில் கடலை எண்ணெய் காய்ந்தபின், மிதமான தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம் போதும். சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரியும் கணத்தில் எடுத்துவிடுவதே கைத்திறன்.

சூடாக, ரசம் சாதத்தோடு பரிமாற வேண்டும். அயிரைக் குழம்பு மதுரைப் பக்கத்தின் பெருமைதான். எனினும் தலையோடு முழுதாக உண்ணும் மீன் புதியவருக்கு முதல் நாளே ஆகாது. விராலின் தலையையும் தண்டெலும்பையும் வீட்டாருக்குக் குழம்பாக்கலாம். விருந்தினர் கை கழுவிய பிறகே அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும்.