கிரயம் முடியும் வரை காலி வீட்டைக் காக்கும் முறை

ஆவணியில் விலை பேசி முன்பணம் கொடுத்து, தையில் கிரயப் பத்திரம் எழுதிக்கொள்வது விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களில் அபூர்வமன்று. மார்கழியில் வீட்டுக் காரியம் செய்யப் பலர் விரும்புவதில்லை. வாரிசுகளின் கையெழுத்து, வில்லங்கச் சான்று, கடன் மஞ்சூர் ஆகியவற்றிற்கும் நாள் பிடிக்கிறது. இந்த இடைக்காலத்திலேதான் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருகிறது. விற்பவர் வெளியூரில் இருப்பார். விற்றாகிவிட்டதென்று வீட்டைத் திரும்பிப் பாரார். வாங்குபவரோ, இன்னும் நம்முடையதாகவில்லை என்று ஒதுங்கியிருப்பார். இருவருக்கும் நடுவே வீடு கேட்பாரற்றுக் கிடக்கும். தையில் கதவைத் திறக்கும்போது சுவர் ஊறி, உத்திரம் இற்றுப் போயிருந்தால், பேசிய விலைக்குத் தகராறு கிளம்புகிறது.

பொறுப்பு யாருடையது?

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. விற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை மாத்திரம் வாங்குபவருக்கு வீட்டில் பாத்தியதையை உண்டாக்காது (54-வது பிரிவு). நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு ரிஜிஸ்தர் செய்யப்பட்ட பத்திரத்தினாலேயே கை மாறும். உடன்படிக்கை செய்த நாள் முதல் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரையில், சாதாரண முன்யோசனையுள்ள சொந்தக்காரர் தம் சொத்தை எவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாரோ, அவ்வளவு ஜாக்கிரதையுடன் அதனைக் காப்பது விற்பவரின் கடமை. தஸ்தாவேஜிகளையும் அவ்வாறே காக்க வேண்டும். உடைமை மாறிய பிறகு, விற்பவரால் நேராத நஷ்டத்தை வாங்குபவரே ஏற்க வேண்டும். இவ்விரண்டும் 55-வது பிரிவில் உள்ளவை. இங்கிலாந்தின் பொது விதி இதற்கு மாறானது. அங்கே ஒப்பந்தம் முடிந்தவுடனேயே நஷ்ட பாரம் வாங்குபவர் தலையில் ஏறிவிடுகிறது. நம் நாட்டில் அவ்வாறில்லை.

கதவு, சன்னல், பூட்டு, சாவி, தாழ்ப்பாள் முதலியவையும், வீட்டின் நிலையான உபயோகத்திற்கென்று அமைந்த மற்றப் பொருள்களும் வீட்டோடு சேர்ந்தவை என்பது அச்சட்டத்தின் 8-வது பிரிவு. வேறு ஏற்பாடு இல்லாவிடில், பேச்சு முடிந்தபின் தேக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு போக விற்பவருக்கு உரிமையில்லை.

ஆனால் சட்டம் ஓட்டை மாற்றாது, கரையானைத் தடுக்காது. கடமை யாருடையதாயினும், நாள்தோறும் வேலை செய்வது யாரென்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

காலி வீடு விரைவில் கெடுவதேன்?

குடியிருக்கும் வீட்டில் அடுப்புப் புகை கூரையிலும் மூங்கிலிலும் பூச்சி அண்டாமல் காக்கிறது. தினமும் பெருக்குவதால் கரையான் புற்று உடனே கண்ணில் படுகிறது. ஓர் ஓடு நகர்ந்தால் முதல் மழையிலேயே ஒழுக்குத் தெரிகிறது. பூட்டிய வீட்டில் இவை ஒன்றும் இல்லை. ஒரே ஓட்டின் வழியே இறங்கும் நீர் வாரக்கணக்கில் கைமரத்தை நனைக்கிறது. நனைந்த மரத்தைக் காளானும் கரையானும் பற்றுகின்றன.

மழையின் வேகத்தையும் குறைவாக எண்ணலாகாது. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. நூறு சதுர அடியுள்ள மாடியில் இது 4,700 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர். தூம்பு வாயைச் சருகு அடைத்திருந்தால் அத்தனை பாரமும் தளத்தின் மேலேயே நிற்கும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. ஏணி வைத்துப் பார்த்து, உடைந்த ஓடுகளை மாற்றி, நகர்ந்தவற்றைச் சரி செய்க. ஓட்டின் மேல் நடந்தால் நல்ல ஓடும் உடையும்.

2. மாடித் தூம்புகளையும் முற்றத்து நீர்ப்போக்கையும் துப்புரவு செய்க.

3. மண் சுவரின் அடியில், நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி மண் அணைத்துச் சரிவு அமைக்கவும்.

4. சுவரில் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளை வேரோடு களைந்து, பிளவைக் கலவையால் அடைக்கவும். நுனியை வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

5. மெயின் சுவிட்சை அணைத்து, கிணற்றையும் தொட்டியையும் மூடி வைக்கவும்.

வாரம் ஒரு முறை

வாரத்தில் ஒரு நாள் கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். கரையான் மண்ணோடையைக் கண்டால் தட்டிவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தைப் பார்க்கவும். மறுபடி கட்டியிருந்தால் மருந்தடிப்பவரை அழைப்பது அவசியம். தேங்கிய நீரைக் கொட்டிவிடவும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவமெய்த ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகிறது. ஆகையால் வாரம் தவறாமல் கொட்டினால் அண்டை வீட்டாருக்கும் அது பாதுகாப்பு. பெருமழை பெய்த மறுநாளும் ஒரு முறை பார்ப்பது நலம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2012-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி கிரய உடன்படிக்கையையும் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். அதிலேயே சில வரிகள் சேர்த்துக்கொள்வது எளிது. சாவி யாரிடம் இருக்கும். வாராந்தரப் பார்வைக்கு யார் பொறுப்பு. அவசர ரிப்பேருக்கு எத்தொகை வரையில் யார் செலவிடுவது. அத்தொகை விலையில் கழியுமா. பெரும் சேதம் நேர்ந்தால் விலை குறையுமா, அல்லது முன்பணம் திரும்புமா என்பவை அதில் இருக்கட்டும். இரு தரப்பாரும் கூடி வீட்டைச் சுற்றிப் பார்த்து, கதவு முதல் மோட்டார் வரை ஜாபிதா எழுதிக் கையெழுத்திடுவதும் நன்று.

வாங்குபவர் ஆர்வத்தால் கிரயத்திற்கு முன்பே தளம் போடுவதும் சுவர் எழுப்புவதும் தகாது. தம்மேல் தவறின்றிக் கிரயம் நின்றால், கொடுத்த முன்பணத்துக்கு அவ்வீட்டின் மேல் அவருக்குப் பாத்தியம் உண்டென்று 55-வது பிரிவு கூறுகிறது. ரிப்பேர்ச் செலவைப் பற்றி அங்கே அவ்விதம் சொல்லப்படவில்லை. ஒழுக்கை நிறுத்துவது போன்ற சிறு வேலைகளையும் விற்பவரின் எழுத்து மூலமான சம்மதம் பெற்றே செய்க. வீடு இன்ஷ்யூர் செய்யப்பட்டிருப்பின், அது காலியாக இருப்பதை விற்பவர் கம்பெனிக்குத் தெரிவித்து, நிபந்தனைகளைப் படித்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்தின் கவனம்

கூட்டுறவுச் சங்கக் கடனில் வீடு வாங்கும் அங்கத்தினர் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். வீட்டை மதிப்பிட்டது புரட்டாசியில். ஈடாகப் பெறுவது தையில். இடையில் வீடு பழுதானால் ஈட்டின் மதிப்பு குறைகிறது. கடன் தொகை குறைவதில்லை. அப்பணம் அங்கத்தினர் அனைவருடையது. ஆதலால் பத்திரம் முடிப்பதற்கு முன் மற்றொரு முறை வீட்டைப் பார்வையிடுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்வது வாங்குபவருக்கும் சங்கத்திற்கும் நன்மை தரும். ஐப்பசிக்கு முன் மாற்றும் பத்து ஓடுகள், தையில் ஓர் உத்திரம் மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.