எண்ணெய் மறையலாம், உலோகம் மறையாது

சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தில், 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணறுகளில் எண்ணெய் குறைந்துவிட்டதே, இனியும் ஏன் இதைக் கிளறவேண்டும் என்று கேட்போர் எம்மிடையே உளர். எண்ணெய் மறைவது வேறு, மண் சுத்தமாவது வேறு என்பதே என் பதில்.

எண்ணெய் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் இணைந்த சேர்வைகளாலானது. காற்று, ஈரம், நைதரசன், பொசுபரசு ஆகியன கிடைத்தால் மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அதனை உணவாக்கி, காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஆனால் மசகெண்ணெயில் வனேடியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு. காய்ச்சி வடிக்கையில் அவை அடியில் எஞ்சும் பார எண்ணெயிலேயே தங்குகின்றன. பல மின்நிலையங்கள் எரிப்பது இதனையே. பாவித்த இயந்திர எண்ணெயிலோ தேய்ந்த பாகங்களிலிருந்து வரும் செம்பும் ஈயமும் சேர்ந்திருக்கும். உலோகம் ஒரு மூலகம். எந்த நுண்ணங்கியாலும் அதை உடைக்க முடியாது. அளவு மிகுந்தால் எண்ணெயைத் தின்னும் நுண்ணங்கிகளையே அது கொன்றுவிடும்.

ஆகவே உலோகத்துக்கு இரண்டே வழிகள்: வெளியே எடுப்பது, அல்லது அசையாமற் கட்டிவைப்பது. மண்ணைத் தோண்டி அமிலத்தால் கழுவலாம். ஆனால் மண் வளமிழக்கும், கழுவிய நீரையும் சுத்திகரிக்கவேண்டும். கடுகு போன்ற பயிர்களை நட்டு உறிஞ்சவைக்கலாம். பல போகம் எடுக்கும், அறுத்ததை மாட்டுக்குப் போடமுடியாது. பொசுபேற்று இட்டால் ஈயம் எளிதிற் கரையாத கனிமமாகும். சுண்ணாம்பு நிக்கலைக் கட்டும். வனேடியத்தையோ கார மண் இளக்கிவிடக்கூடும். ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் உதவாது.

நான் வேலைசெய்யும் முலாமிடும் தொழிற்சாலையில் கழுவுநீருக்குக் காரம் சேர்த்து நிக்கலைப் படியவைக்கிறோம். தெளிந்த நீர் போய்விடும். நிக்கல் பீப்பாவிலுள்ள சேற்றில் இருக்கும். அந்தப் பீப்பாவுக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் உண்டு. நிலத்துக்கும் அப்படியொரு பொறுப்பாளி வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலம் ஈயத்தையும் நிக்கலையும் ஓரளவு பிடித்துவைக்கும் என்பது ஆறுதலே. ஆனால் அதே கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மேலே ஊற்றியது வடிபடாமலே நிலத்தடி நீரை அடைந்துவிடும். நைஜீரியாவின் ஒகோனி நிலத்தில் மேல்மண்ணைக் கிளறி உரமிடுவதையே சுத்திகரிப்பு என்றார்கள். ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கையோ, 49 இடங்களில் 5 மீற்றர் ஆழத்திலும் அதற்குக் கீழும் எண்ணெய் இருந்ததைக் காட்டியது.

எனவே 'சுத்தம்' என்று யார் அறிவித்தாலும் நாம் கேட்கவேண்டியவை நான்கு. அளந்தது நீரை மட்டுமா, மண்ணையுமா? எவ்வளவு ஆழத்தில்? எண்ணெயை மட்டுமா, உலோகங்களையுமா? அகற்றிய மண் எங்கே போனது? இவற்றுக்கு இலக்கங்களோடு பதில் வரும்வரை அந்தச் சொல்லை ஏற்கவேண்டிய கடமை எமக்கில்லை.