மரத்தை வெட்டாமல் எடை போடுவது எப்படி?



சந்தையிலே மாடு பிடிக்கப் போனால், தரகர் மாட்டைத் தராசில் ஏற்றிப் பார்ப்பதில்லை. நெஞ்சுச் சுற்றளவையும் நீளத்தையும் கண்ணால் அளந்தே, இத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். விறகு வியாபாரியும் அப்படித்தான். நிற்கிற புளிய மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, இத்தனை டன் விழும் என்று விலை பேசுவார். இதே வேலையை விஞ்ஞானிகள் இன்றைக்கு உலகம் முழுவதற்கும் செய்து வருகிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு மரம் நிற்கிறது, அதற்குள் எவ்வளவு கரி இருக்கிறது என்று வரைபடமே போடுகிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதிலே உங்கள் வரப்பு வேம்புக்கு என்ன இடம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மரத்துக்குள் இருக்கும் கரி

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை வழியாக இழுக்கிறது. அதிலுள்ள கரியைத் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டத்தைப் பிரிக்கும்போது கையில் வருகிற கறுப்புக் கரி மரத்துக்குள்ளேயே இருந்ததுதான். ஒரு பகுதி புகையோடு போய்விடும், மீதி நம் கைக்கு வரும். ஈரம் போகக் காய்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 47 பங்கு கரி என்பது உலகெங்கும் வழங்கும் பொதுக் கணக்கு.

மரத்தை எரித்தாலும் மக்கவிட்டாலும் அந்தக் கரி மறுபடி கரியமில வாயுவாகிக் காற்றுக்குப் போய்விடும். பூமி சூடாகிறது, பருவ மழை முன்னே பின்னே ஆகிறது என்கிறோமே, அதற்கு முக்கியக் காரணம் காற்றில் இந்த வாயு மிகுந்துபோனதுதான்.

2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, உலகத்தின் செடி கொடி மரங்களில் இன்று இருக்கும் கரி ஏறத்தாழ 45,000 கோடி டன். காற்று மண்டலத்தில் இருப்பதோ சுமார் 90,000 கோடி டன். மனிதன் நிலத்தைத் திருத்தாமலும், மேய்க்காமலும், மரம் எடுக்காமலும் இருந்திருந்தால் மரம் செடிகளில் இதைப் போல் இரண்டு பங்கு கரி நின்றிருக்கும் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. காட்டை அழித்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. காடு காடாக இருக்கும் இடத்திலும் பெரிய மரங்கள் போய், காடு இளைத்துவிட்டது. நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அதனால்தான் எடைக் கணக்கு தேவைப்படுகிறது.

முதல் கருவி, நாடா

எத்தனை செயற்கைக்கோள் பறந்தாலும் கணக்கு தொடங்குவது தரையில், ஒரு நாடாவில்தான். தரையிலிருந்து 1.3 மீட்டர், அதாவது நாலேகால் அடி உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், மரத்தைச் சுற்றி அளக்கிறார்கள். அதை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு வரும். பிறகு மரத்தின் உயரம். மூன்றாவது, மரத்தின் கெட்டித்தன்மை. ஒரு லிட்டர் அளவுள்ள காய்ந்த வேப்பங்கட்டையும் அதே அளவு முருங்கைக் கட்டையும் ஒரே எடை இருக்காது, இல்லீங்களா? இந்த மூன்றும் தெரிந்தால் மரத்தின் எடையைச் சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது.

அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? வெப்ப நாடுகளில் 58 இடங்களில் 4,004 மரங்களை வெட்டி, நிறுத்துப் பார்த்த கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அத்தனை மரங்களை வெட்டி நிறுத்ததால் மற்ற மரங்களை வெட்டாமலே எடை சொல்ல முடிகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நெஞ்சு மட்டத்தில் 157 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அடிக்குச் சற்று மேல் சுற்றளவு. உயரம் 12 மீட்டர், ஏறக்குறைய 40 அடி. ஒரு லிட்டருக்கு 700 கிராம் நிறையுள்ள கெட்டி மரம். சூத்திரத்தில் போட்டால் தரைக்கு மேலே உள்ள காய்ந்த எடை சுமார் 1,100 கிலோ. வேருக்காகக் கால் பங்கு சேர்த்தால் 1,375 கிலோ. அதில் கரி சுமார் 650 கிலோ. 12 கிலோ கரி பிராணவாயுவோடு சேர்ந்தால் 44 கிலோ கரியமில வாயு ஆகும். அந்தக் கணக்குப்படி, அந்த ஒரு மரம் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும் வாயு ஏறத்தாழ 2,400 கிலோ.

இதே சூத்திரத்தில், 16 சென்டிமீட்டர் சுற்றளவும் 4 மீட்டர் உயரமும் உள்ள அதே ஜாதி இளமரத்தைப் போட்டுப் பாருங்கள். தரைக்கு மேலே எடை நாலு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அப்படியானால் அந்தப் பெரிய மரத்தின் எடைக்கு ஈடாக 260 இளமரங்கள் நிற்க வேண்டும். ஒன்றை வெட்டினால் பத்து நடுங்கள் என்று சொல்லுகிறோம். நடுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பத்தும் வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பல வருஷம் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். இந்தச் சூத்திரம் காட்டு மரங்களை வைத்துச் செய்தது. ஆட்டுக்குத் தழை ஒடித்து ஒடித்து மொட்டையாகிப்போன வரப்பு மரத்துக்கு இது எடையைக் கூட்டிக் காட்டும். அடுத்தது பனையும் தென்னையும். இவை வயதாக ஆக உயரும், ஆனால் மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் பருக்காது. ஆகையால் இவற்றுக்குச் சுற்றளவுச் சூத்திரம் ஒத்துவராது. தண்டின் உயரத்தை வைத்துத் தனிக் கணக்குப் போட வேண்டும்.

வானத்திலிருந்து அளப்பது

உலகத்து மரங்களையெல்லாம் நாடா பிடித்து அளக்க ஆள் ஏது? அதற்குத்தான் வானத்திலிருந்து பார்க்கிறார்கள். சாதாரணப் படத்தில் மேலே உள்ள இலைப் பச்சைதான் தெரியும். நெல்வயலும் பச்சை, மாந்தோப்பும் பச்சை. எடை தெரிய வேண்டுமானால் உயரமும் உள்ளே இருக்கும் கட்டையும் தெரிய வேண்டும்.

உயரத்துக்கு லேசர் ஒளி. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ‘ஜெடி’ என்ற கருவியை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளியைக் கீழே அனுப்புகிறது. ஒளி முதலில் மர உச்சியில் பட்டுத் திரும்புகிறது, பிறகு தரையில் பட்டுத் திரும்புகிறது. இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசமே மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒளி விழும் வட்டம் 25 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் சுமார் 12 சென்ட் நிலம்.

உள்ளே இருக்கும் கட்டைக்கு ரேடார் அலை. அலை குட்டையாக இருந்தால் இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். நீளமாக இருந்தால் இலையைத் தாண்டிக் கிளையிலும் தண்டிலும் படும். நம்முடைய இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ‘நைசார்’ செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் ஓர் அலை 24 சென்டிமீட்டர் நீளம். மரம் அடர்த்தியாக இல்லாத, ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு உட்பட்ட நிலங்களுக்கு அது பொருத்தமானது. அதே 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ‘பயோமாஸ்’ என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் அலை 70 சென்டிமீட்டர். அமேசான், காங்கோ போன்ற அடர்ந்த காடுகளுக்குள்ளும் அது ஊடுருவும்.

ஆனாலும், லேசரும் ரேடாரும் சொல்லுவது உயரமும் எதிரொலியும்தான். அதைக் கிலோவாக மாற்ற, தரையில் நாடா பிடித்து அளந்த மரங்களோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். தரை அளவு தப்பினால் வானத்துக் கணக்கும் தப்பும்.

வயல் மரம் கணக்கில் வந்த விதம்

வெகுகாலம் இந்தக் கணக்கெல்லாம் காட்டை மட்டுமே பெரிதாகப் பார்த்தது. விளைநிலம் என்று குறித்த இடத்தில் வரப்பிலும் வயல் நடுவிலும் நிற்கிற தனி மரங்கள் சரியாகச் சேரவில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டு நிலவரப்படி உலகத்து விளைநிலங்களில் நூற்றுக்கு 43 பங்கு நிலத்தில், பத்தில் ஒரு பங்காவது மர நிழல் இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிறகு மரங்களை ஒவ்வொன்றாகவே எண்ணத் தொடங்கினார்கள். நாசாவின் காம்ப்டன் டக்கர், டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து மார்ட்டின் பிராண்ட் ஆகியோரின் குழு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 90,000 மரங்களைப் படத்தில் ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக் காட்டிக் கணினியைப் பழக்கினார்கள். 2023இல் வந்த முடிவு: சகாரா பாலைவனத்தை ஒட்டிய வறண்ட நாடுகளில் 990 கோடி மரங்கள், அவற்றில் 84 கோடி டன் கரி. மரத்துக்குச் சராசரி 85 கிலோ. வெறும் பொட்டல் என்று நினைத்த நிலத்தில் இவ்வளவு மரம்!

அதே முறையில் நம் நாட்டு வயல்களையும் பார்த்தார்கள். 2010, 2011ஆம் ஆண்டுகளில் சுமார் 60 கோடி வயல் மரங்கள் தெரிந்தன. அவற்றுள் பெரிய மரங்களில் நூற்றுக்கு 11 பங்கு 2018க்குள் காணாமல் போயின. 2018க்கும் 2022க்கும் இடையில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய மரங்கள் மறைந்துவிட்டன. 2024இல் வெளியான இந்த ஆய்வில் சொன்ன காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். நிழல் பயிரைக் கெடுக்கும் என்ற எண்ணம், போர் போட்டு நெல்லுக்கு மாறியது, இப்படி. இன்னொரு பக்கம் புதுக் கன்றுகளும் தோப்புகளும் வருகின்றன என்பது உண்மை. ஆனால் 260க்கு ஒன்று என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

வயலில் மரமே வெட்டக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் உங்களுடையது, நிழலால் வரும் மகசூல் நஷ்டமும் உங்களுடையது. வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நாடா வைத்து அளந்து பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். கிளையைக் கழித்தாலே நிழல் குறையுமானால், மரம் நிற்கட்டும்.

இப்போது சிலர் ‘கார்பன் கிரெடிட்’ என்று ஒப்பந்தத்தோடு கிராமங்களுக்கு வருகிறார்கள். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, டன் என்று சொல்வது கரியா, கரியமில வாயுவா? இரண்டுக்கும் ஏறத்தாழ 3.67 மடங்கு வித்தியாசம் வரும். விலை பேசும்போது இது முக்கியம்.

இரண்டு, எதற்குப் பணம்? பெரும்பாலும் திட்டத்தால் புதிதாகச் சேரும் கரிக்குத்தான் பணம் உண்டு. ஏற்கெனவே நிற்கும் மரத்தின் முழு எடைக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று, எத்தனை வருஷக் கட்டு? அந்தக் காலத்தில் மரத்தை வெட்டவோ, நிலத்தை விற்கவோ தடை உண்டா?

நான்கு, புயலில் மரம் சாய்ந்தால் பொறுப்பு யாருக்கு? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

ஐந்து, யார் அளப்பது, எப்படி அளப்பது? அளக்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள். நாடா நாலேகால் அடி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அளவை உங்கள் நோட்டிலும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் தமிழ் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்றைக்கே வீட்டில் இருக்கிற தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய், வரப்பிலுள்ள பெரிய மரங்களை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம், அதே உயரத்தில் மறுபடி அளங்கள். மரம் எவ்வளவு பருத்தது, எவ்வளவு கரி சேர்த்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு யார் வந்து என்ன கணக்குச் சொன்னாலும், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.