பிறர் கண்ணும் தன் உள்ளமும்

மனிதர் அஞ்சுவதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், ஒறுக்கும் தலைவர் என்பன அவை. இவற்றுக்கு அஞ்சுதல் எவர்க்கும் விளங்கும். ஆயினும் இந்நான்கிலும் அடங்காத ஓர் அச்சம் உண்டு. அயலவரின் பார்வைக்கும், உடன் பயில்வோரின் சிரிப்புக்கும், தெருவில் எதிர்ப்படும் அந்நியரின் கண்ணுக்கும் அஞ்சும் அச்சம் அது. இக்கால உளமருத்துவர் இதனைச் சமூகப் பதகளிப்பு என்பர். தான் ஆணா, பெண்ணா என்னும் வினாவை உள்ளத்திற் சுமந்து விடை தேடும் ஒருவரை இவ்வச்சமும் பற்றிக்கொள்ளுமாயின் அவர் நிலை யாதாகும்? அவருக்கு உதவும் வழி யாது? நேயர்கள் சிந்தித்தற்குரிய வினாக்கள் இவை.

கூச்சம் வேறு, பதகளிப்பு வேறு. புதியவர் முன்னிலையிற் சிறிது நாணுதல் இயல்பு. பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் அது கலைந்துவிடும். பதகளிப்போ எளிதிற் கலைவதன்று. கலியாண வீடொன்றுக்குச் செல்ல வேண்டுமெனின் ஒரு கிழமைக்கு முன்னரே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நா வறளும். சென்று திரும்பிய பின்னரும், தான் கூறிய ஒவ்வொரு சொல்லையும் மீட்டு மீட்டு நினைந்து மனம் வருந்தும். இங்கிலாந்திற் பணியாற்றிய ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்னும் மருத்துவர் இருவர் 1966இல் இதனை ஏனைய அச்சங்களினின்றும் பிரித்துக் காட்டினர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இது தனியிடம் பெற்றது.

இவ்வச்சம் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் உளவியலாளர் 1995இல் விளக்கினர். அஞ்சுபவர் எதிரில் இருப்பவரை நோக்குவதில்லை, தம்மையே நோக்குகின்றார். தம் குரல் நடுங்குகின்றதா, முகம் சிவக்கின்றதா என்று உள்ளே காவல் இருக்கின்றார். தாம் உணர்வதையே பிறரும் காண்கின்றனர் என்று நம்புகின்றார். தலை குனிதல், மெல்லப் பேசுதல், மூலையில் ஒதுங்குதல் முதலியவற்றைக் கேடயமாகக் கொள்கின்றார். ஈற்றில் கூட்டத்துக்கே செல்லாது விடுகின்றார். செல்லாத அன்று மனம் ஆறுதலடைகின்றது. அவ்வாறுதலே அச்சத்துக்கு உணவாகின்றது. சென்றிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியது யாதென அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டாமற் போகின்றது.

இனி, பால்நிலை பற்றிய வினாவை நோக்குவோம். பிறப்பில் ஆணெனப் பதியப்பெற்றுத் தம்மைப் பெண்ணாக உணர்வோரைத் திருநங்கை என்றும், பெண்ணெனப் பதியப்பெற்று ஆணாக உணர்வோரைத் திருநம்பி என்றும் அழைத்தல் இந்நாளைய வழக்கு. இரண்டிலும் அடங்காதவராகத் தம்மை உணர்வோரும் உளர். இத்தகையோர் உலகுக்குப் புதியவரல்லர். தொல்காப்பியம் இவர்களைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்தே விதி கூறிற்று. மருத்துவ உலகமும் இன்று அவ்வழிக்கு வந்துள்ளது. 2019இல் உலக சுகாதார மகாசபை ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நோய் வகைப்பாடு, இந்நிலையை உளநோய்ப் பகுதியினின்றும் நீக்கி, பாலியற் சுகாதாரம் பற்றிய பகுதியில் அமைத்தது. ஆகவே பதகளிப்பு ஒரு நோய். பால்நிலை பற்றிய உணர்வு நோயன்று. இவ்வேறுபாட்டை முதலில் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வேறான இவ்விரண்டும் அன்றாட வாழ்விற் பின்னிக் கிடக்கின்றன. ஆசிரியர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது, அப்பெயர் தனதன்று எனத் தோன்றும் மாணாக்கருக்கு வாய் எழுவதில்லை. சீருடை, மலசலகூடம், விளையாட்டு அணி ஆகிய யாவும் ஆண், பெண் என இரண்டாகப் பிரிந்திருக்க, எப்பக்கம் நின்றாலும் எல்லாரும் தம்மையே நோக்குவதாக அவருக்குத் தோன்றும். தொலைபேசியில் எழும் தம் குரலே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுவோரும் உளர். தம்மைத் தாமே ஓயாது கண்காணிக்கும் பழக்கம் இவ்வாறு இருமடங்காகின்றது.

இவ்வச்சம் முழுவதையும் வீண் கற்பனை என்று தள்ளுதலும் தவறு. அலன் ஹார்ட் என்னும் அமெரிக்க வைத்தியரின் வரலாறு இதற்குச் சான்று. 1890இற் பிறந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட அவர், 1917இல் ஓரிகன் மாநிலத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்; பின்னர் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். சிறிது காலத்துள், அவரை முன்னரே அறிந்த ஒருவர் அடையாளங்கண்டு வெளிப்படுத்தவே, தொழிலை விட்டு நீங்க நேர்ந்தது. அதன் பின்னும் அவர் பல ஊர்களுக்கு மாறி மாறிச் சென்றார். எனினும் எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையாற் காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பணியில் வல்லுநராகி, 1962இல் இறக்கும் வரை மக்களுக்குத் தொண்டாற்றினார். அவரைத் துரத்தியது அவருடைய மனமன்று, ஊராரின் வாயே. அறிவு மிக்க வைத்தியர் ஒருவரை ஊர் தானே இழந்தது.

எனவே, அஞ்சுபவர் தம் அச்சத்தை இரு கூறாகப் பிரித்தறிதல் நன்று. அடிப்பவரும் இழிவுபடுத்துபவரும் உள்ள இடத்தை விலக்குதல் முன்னறிவு, அது நோயாகாது. அன்புடைய ஒருவர் வீட்டில், நகைப்பார் எவரும் இல்லாத இடத்திலும் நெஞ்சு நடுங்குமாயின், அது பதகளிப்பின் வேலை. முன்னதை மாற்ற வேண்டியது சமுதாயம். பின்னதற்கு மருத்துவம் உண்டு.

அம்மருத்துவத்தின் அடிப்படை படிப்படியாகப் பழகுதல். தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில் இம்முறையின் ஆரம்ப வடிவத்தை விளக்கினார். எளியதை முதலிலும் கடியதை ஈற்றிலும் வைத்து ஓர் ஏணி அமைக்கப்படும். நம்பிக்கைக்குரிய ஒருவருக்குத் தம் உள்ளத்தைக் கடிதத்தில் எழுதுதல் முதற்படியாகலாம். அவர் வீட்டில், தாம் விரும்பும் பெயரால் அழைக்கப்படுதல் அடுத்த படியாகலாம். ஒவ்வொரு படியிலும் தம்மை நோக்கும் கண்ணைச் சற்றே வெளியே திருப்பி, எதிரிலிருப்பவரின் முகத்தை உள்ளபடி காணப் பழகுதல் வேண்டும். படிகளைத் தெரிவு செய்யும் உரிமை ஏறுபவருக்கே உரியது. பிறர் பின்னின்று தள்ளுதல் ஆகாது.

இங்கு இரு மயக்கங்களை நீக்குதல் அவசியம். பதகளிப்புத் தீர்ந்தால் பால்நிலை பற்றிய எண்ணமும் மறைந்துவிடும் என்று பெற்றோர் சிலர் எதிர்பார்ப்பர். அது சரியன்று. பால்நிலை பற்றிய வினாவுக்கு விடை கிடைத்தால் பதகளிப்புத் தானாகவே நீங்கிவிடும் என்று இளைஞர் சிலர் நம்புவர். அதுவும் உறுதியன்று. அச்சம் தணிவதால் உண்டாகும் பயன் வேறு. அச்சம் ஒருவரை அறைக்குள் அடைத்து வைக்கும்வரை, தாம் யார் என்பதை வாழ்ந்து பார்த்து அறியும் வழி அவருக்கு அடைபட்டிருக்கும். அச்சம் தணிந்தவருக்கே அவ்வழி திறக்கும். அவ்வழியே சென்று தம்மைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ தெளிவோரும் உளர். வேறு முடிவுக்கு வருவோரும் உளர். அம்முடிவுக்கு நாள் குறிக்க எவராலும் இயலாது.

இலங்கையிலும் இதற்கு ஒரு வாயில் உண்டு. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உளமருத்துவரின் மதிப்பீட்டைப் பெற்றவர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைப் பெற்று, பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம். கந்தோரிலும் வங்கியிலும் அடையாள அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகும் ஒருவருக்கு, உண்மைக்கு இசைந்த பத்திரம் எத்துணை ஆறுதல் என்பது சொல்லாமலே விளங்கும். துயர் மிகுந்து துணை வேண்டுவோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் பேசலாம்.

எஞ்சிய மருந்து சுற்றத்தாரின் கையில் உள்ளது. பிள்ளை ஒதுங்கியிருப்பதைக் காணும் தாய், "சனம் என்ன சொல்லும்" என்னும் சொல்லைத் தன் நாவில் எழவிடாது காத்தலே பெரும் உதவி. ஏனெனில் அப்பிள்ளை இரவும் பகலும் தன்னிடமே கேட்டு நடுங்கும் வினா அதுவே. ஆசிரியர் அப்பிள்ளையைத் தனியே அழைத்து, "உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று மெல்லக் கேட்பாராயின், ஏணியின் முதற்படி அங்கேயே அமைந்துவிடும். பார்க்கும் கண்கள் எல்லாம் பகைக் கண்கள் அல்ல என்பதை அச்சமுற்றவர் நூலைப் படித்து அறிவதில்லை. தம்மை அன்போடு நோக்கும் ஒரு கண்ணைக் கண்டே அறிகின்றார்.